பெஞ்சில் கழிந்த பருவங்களுக்கு யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஓர் அணி தோற்றுக்கொண்டே இருந்தால், முதலில் வேலையை இழப்பவர் பெரும்பாலும் பயிற்சியாளர். அடுத்த பழி இளம் வீரர்மேல் விழும். இவர்களை ஒன்றுசேர்த்த பொது மேலாளரைப் பற்றிய பேச்சோ, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரவோடு அடங்கிவிடுகிறது. யாரை எடுத்தார், யாரை விட்டார், அவ்வளவுதான். எடுத்த பையனுக்கு அணியில் ஆட இடம் வைத்திருந்தாரா? எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

2003 டிராஃப்டில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்கு இரண்டாவது தேர்வு. மேலாளர் ஜோ டூமார்ஸ், 18 வயது செர்பிய வீரர் டார்கோ மிலிசிச்சை எடுத்தார். அவருக்கு அடுத்துப் போனவர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். டூமார்ஸைக் கேலி செய்ய இந்த வரிசையே போதும். ஆனால் பிஸ்டன்ஸ் அப்போதே கோப்பைக்குத் தயாரான அணி. டார்கோ ஆட வேண்டிய கூடையருகே ஏற்கெனவே பென் வாலஸ் இருந்தார். பருவத்தின் நடுவில் ரஷீத் வாலஸையும் டூமார்ஸே கொண்டுவந்தார். பயிற்சியாளர் லாரி பிரவுன் புதுமுகங்களை லேசில் நம்பாதவர். முதல் பருவத்தில் டார்கோ ஆடியது 34 ஆட்டங்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து நிமிடம்கூட இல்லை. 2004இல் கோப்பை வந்தது. 2006 பிப்ரவரியில் டார்கோ ஆர்லாண்டோ அணிக்குக் கைமாறினார். கோப்பைக்கான பாராட்டு டூமார்ஸுக்கு என்றால், பெஞ்சில் வீணான அந்தக் காலமும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும்.

பிலடெல்பியா அணியின் மேலாளர் சாம் ஹிங்கி வேறு ரகம். 2013இல் நெர்லென்ஸ் நோயல், அடுத்த ஆண்டு ஜோயல் எம்பீட், அதற்கடுத்து ஜலில் ஓகாஃபர். மூவருமே சென்டர், அதாவது கூடையருகே ஆடும் உயரமான வீரர்கள்! காயத்தால் எம்பீட் முதல் இரண்டு பருவங்கள் ஆடவே இல்லை, அதனால் மாற்று ஆள் தேடியது நியாயம்தான். ஆனாலும் 2015-16இல் 10 வெற்றி, 72 தோல்வி. பருவம் முடியுமுன்பே ஹிங்கி விலகினார். எம்பீட் 2023இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றார். ஹிங்கி அபிமானிகள் அதை மட்டும் சொல்வார்கள், மற்ற இருவரும் 2017 முடிவதற்குள் வேறு அணிகளுக்குக் கைமாறியதைச் சொல்ல மாட்டார்கள்.

சான் அன்டோனியோ அணியைப் பாருங்கள். 2011இல் ஜார்ஜ் ஹில் என்ற வீரரைக் கொடுத்து, டிராஃப்டில் 15ஆவதாகத் தேர்வான கவாய் லெனார்டை வாங்கினார்கள். கல்லூரியில், தொலைவிலிருந்து எறியும் அவருடைய மூன்று புள்ளி வீச்சு நான்கில் ஒன்றுதான் விழும். அதைத் திருத்த சிப் எங்கெலாண்ட் என்ற வீச்சுப் பயிற்சியாளர் அணியில் ஏற்கெனவே இருந்தார். 2014இல் இறுதித் தொடரின் சிறந்த வீரர் லெனார்ட்தான்.

இன்றைய விதிப்படி, டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகளே உறுதி. மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வதா என்பதை இரண்டாம் பருவம் தொடங்கும் வேளையில், அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். அதாவது, ஒரே ஒரு பருவத்தைப் பார்த்து. அதிலும் பெஞ்சிலேயே இருந்தவரை எதை வைத்து எடைபோடுவது? பயிற்சிக் கூடத்தில் பார்த்ததை வைத்து என்பார்கள். சரி, அங்கே யார் சொல்லிக்கொடுத்தார், ஆட்டத்தில் என்ன மாறியது என்று அணி உரிமையாளர் மேலாளரிடம் கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.