உத்தரவு கிடைத்த பிறகு என்ன ஆயிற்று? சட்ட உதவித் திட்டத்தை மதிப்பிடுவது பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பெண்களுக்கான இலவச சட்ட உதவி பற்றிய காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வட மாவட்டம் ஒன்றில் தொண்டு நிறுவனத்தில் பணிபுரியும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கிறேன்.

"வீட்டில் அடி உதை படும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், இருளர் குடும்பங்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் ஆகியோருக்காக மூன்று ஆண்டுகளாகச் சட்ட உதவித் திட்டம் நடத்துகிறோம். நிதி தருபவர்கள் மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார்கள். எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மனு, எத்தனை வழக்கு என்ற கணக்கு எல்லாம் கையில் இருக்கிறது. இவற்றை வைத்துத் திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாமா? வழக்கு ஜெயித்தால் போதாதா? ஆரம்பத்தில் அவர்கள் நிலை என்ன என்று பதிவு செய்யும் அடிப்படை ஆய்வு எதுவும் செய்யவில்லை, அதற்கு இப்போது என்ன செய்வது?"

நல்ல கேள்வி. வழக்கு ஜெயித்தால் போதாதா என்பதிலிருந்தே தொடங்குகிறேன். போதாது. ஜீவனாம்ச வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடுகிறது. உங்கள் பதிவேட்டில் "முடிந்தது, சாதகம்" என்று எழுதிவிடுகிறீர்கள். வக்கீல் வழக்குக் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார். கணவர் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். அந்தப் பெண்ணோ, கோர்ட்டே வசூல் செய்து கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி நடக்காது. நிலுவையை வசூலிக்க அவர்தான் மறுபடி மனுப் போட வேண்டும். தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. மனுப் போட்டால் வாரண்டு பிறப்பிக்கலாம், அப்படியும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சட்டத்தில் பல் இருக்கிறது. ஆனால் ஓராண்டு கடந்துவிட்டால் அந்த நிலுவைக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. ஜெயித்ததாக நீங்கள் எழுதிய வழக்கில் அந்தப் பெண் தோற்றுக்கொண்டிருக்கிறார், உங்கள் அறிக்கைக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே சாதகமான ஜீவனாம்ச உத்தரவுகள் அத்தனையையும் எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் பணம் வந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், முடிந்தால் பாஸ்புக்கைப் பாருங்கள். வராதவர்களில் எத்தனை பேருக்காக நிலுவையை வசூலிக்கும் நிறைவேற்று மனுப் போடப்பட்டது என்று கணக்கெடுங்கள். என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் நான் முதலில் தேடும் எண் இதுதான். இன்னொன்றையும் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்றும், இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீல் அந்த வாக்குமூலத்தைக் கேட்டு வற்புறுத்தினாரா, மனுத் தேதியிலிருந்து தொகை வாங்கிக் கொடுத்தாரா? வக்கீலின் தரத்தைப் பற்றி அவரிடமே கருத்துப் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கொத்தடிமை மீட்பிலும் இதே கதைதான். விடுதலைச் சான்று வாங்கியதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மறுவாழ்வுத் தொகை கைக்கு வந்ததா, அந்தக் குடும்பம் முன்பணம் வாங்கி வேறொரு சூளைக்கோ ரைஸ்மில்லுக்கோ போய்விட்டதா என்று யாரும் எழுதுவதில்லை.

அடிப்படை ஆய்வு செய்யவில்லையே என்கிறீர்கள். பரவாயில்லை, அதற்கான விவரம் உங்களிடமே இருக்கிறது. அந்தப் பெண் முதல் நாள் வந்து சொன்னதை யாராவது ஒரு தாளில் எழுதியிருப்பார்கள் அல்லவா? அதை எடுங்கள். அவர் என்ன கேட்டார், கடைசியில் என்ன கிடைத்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பல பேர் விவாகரத்துக் கேட்டு வருவதில்லை. நகையும் பாத்திரமும் திரும்ப வேண்டும், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும், குடித்துவிட்டு வந்து அடிப்பதை நிறுத்த வேண்டும், வீட்டை விட்டுத் துரத்தாமல் இருந்தால் போதும் என்றுதான் வருகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றைக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் குற்றவியல் நடுவரிடம் ஒரே மனுவில் கேட்டுப் பெறலாம். சீதனப் பொருளைத் திருப்பித் தரச் சொல்லவும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சொல்லவும் 19ஆவது பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் கட்டைத் திறந்தால் உள்ளே விவாகரத்து மனு இருக்கும். அது யாருடைய தேவை என்று கேட்க வேண்டியது மதிப்பீட்டாளரின் வேலை.

காலதாமதத்தைப் பற்றியும் கேட்பார்கள். இங்கே அளவுகோலை நீங்கள் தேட வேண்டியதில்லை, சட்டமே கொடுத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளைக்குள் இருக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளைக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாள் என்கிறது, மிஞ்சினால் இன்னும் 30. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீதிமன்றத்தின் தாமதத்துக்கு உங்கள் திட்டம் பொறுப்பாக முடியாது. ஆனால் உங்கள் கையில் உள்ள நாட்கள் சில உண்டு. பெண் முதலில் வந்த நாளுக்கும் மனுத் தாக்கலான நாளுக்கும் இடையே எத்தனை நாள் போயிற்று? நம் வக்கீல் வராததால் எத்தனை வாய்தா விழுந்தது? இடைக்கால உத்தரவு கேட்கப்பட்டதா, இல்லை மறந்தே போனார்களா? ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் பதினாறு இலக்கத் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் இருந்தால், பல வழக்குகளின் வாய்தா விவரத்தை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். கூடவே அந்தப் பெண்ணிடமும் கேளுங்கள்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் கூலி போயிற்று, யாராவது பணம் வாங்கினார்களா? அரசின் இலவச சட்ட உதவியை வழங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது. "இலவசம்" என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது சமரசத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன். "இத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தோம்" என்பது நம் ஊர் அறிக்கைகளில் எப்போதும் சாதனைப் பட்டியலில்தான் இருக்கிறது. சேர்த்து வைக்கப்பட்ட பெண் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்ற வரியை நான் அரிதாகவே பார்க்கிறேன். சமரசம் தவறு என்று சொல்லவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடித்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அலைச்சல் மிச்சம். ஆனால் அங்கே எழுதப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அப்படியானால் கையெழுத்துப் போடும்முன் அந்தப் பெண்ணுக்கு இது விளக்கப்பட்டதா, கணவரும் மாமனாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாக அவரிடம் யாராவது பேசினார்களா என்று பார்க்க வேண்டும். சமரசத்தில் முடிந்தவற்றைத் தனிக் குவியலாக எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடி தொடர்கிறதா என்று தெரியும்வரை அவற்றை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே பெண் நான்கு இடத்தில் எண்ணப்படுவது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு மனு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்தில் ஒரு பதிவு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம், உங்கள் பதிவேட்டில் ஒரு வரிசை எண். நால்வரும் "நாங்கள் உதவினோம்" என்று எழுதுகிறார்கள். நால்வர் சொல்வதும் பொய்யில்லை. அறிக்கையில் உங்கள் பங்கு எது என்று குறுக்கி எழுதுங்கள்: ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனோம், ஆவணங்களைச் சேர்த்தோம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் துணைக்குப் போனோம். வழக்கு நடத்தியவர் ஆணைக்குழுவின் வக்கீல் என்றால் அப்படியே எழுதுங்கள். நிதி தருபவர்கள் இதனால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். துணைக்குப் போகும் ஆள் இல்லாமல்தான் பல பெண்கள் வழக்கையே கைவிடுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

முகாம் கணக்கு பற்றி அதிகம் பேசப்போவதில்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினால் எண்ணிக்கை வந்துவிடும். முகாம் முடிந்த அடுத்த சில வாரங்களில் அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் தாங்களாக வந்தார்கள் என்பதே கணக்கு. வருகைப் பதிவேட்டில் "யார் சொல்லி வந்தீர்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

முகாமுக்கும் வராதவர்கள், உங்கள் வாசலுக்கும் வராதவர்கள் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, 12ஆவது பிரிவில் யாருக்கெல்லாம் இலவச உதவி என்று சொல்லியிருக்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இன்னும் சிலர். பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது. இருந்தும் வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் அலுவலக மேசையில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். இருளர் குடும்பங்களிடம் சாதிச் சான்றிதழ் கேட்பது அதைவிடக் கொடுமை. பலருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காததே பிரச்சினை. 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதற்காக இலவச சட்ட உதவியை மறுக்க முடியாது என்றது. அப்படியொரு உரிமை இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். எனவே வந்தவர்களின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, காலனியிலிருந்து எத்தனை பேர், இருளர் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர், மாடிப்படி ஏற முடியாதவர்களில் எத்தனை பேர் என்று பாருங்கள். உங்கள் அலுவலகம் முதல் மாடியில் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் ஏன் குறைவு என்பதற்குத் தனி ஆய்வு வேண்டாம்.

விவரம் சேகரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. வழக்கை நடத்திய ஊழியரே போய்ப் பேட்டி எடுக்கக் கூடாது, யாரும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். பேட்டிக்கான பெயர்களை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கவும் கூடாது, பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுங்கள். பாதியில் விட்டுப் போனவர்களைக் கட்டாயம் சேருங்கள், அவர்களிடம்தான் அதிகம் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் அவர்கள் கணவரோடு திரும்பப் போயிருக்கலாம், போன் அவர் கையில் இருக்கலாம். நிறுவனத்தின் பெயர் எழுதிய வண்டியில் வீட்டு வாசலில் போய் இறங்காதீர்கள். எங்கே, எப்போது பேசலாம் என்பதை அவரே சொல்லட்டும். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பொருத்தம், பயன், செலவுத் திறன், நீடித்த தன்மை போன்ற ஆறு தலைப்பில் எழுதச் சொல்வார்கள், எழுதுங்கள். அவற்றில் நீடித்த தன்மை என்ற தலைப்பில் வழக்கமாக "சமூகம் விழிப்படைந்துள்ளது" என்று ஒரு வரி போட்டு முடிப்பார்கள். உங்கள் திட்டம் முடியும் நாளில் நடப்பில் இருக்கும் வழக்குகள் எத்தனை என்று அங்கே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் யார் தொடர்ந்து நடத்துவார், ஆணைக்குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தாயிற்றா, புது வக்கீலின் வக்காலத்து தாக்கலாயிற்றா, கட்டு கைமாறிற்றா, அடுத்த வாய்தா தேதி அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? இந்தப் பட்டியல் தயாராகவில்லை என்றால் அறிக்கையை ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள். அந்த மாதத்தில் முதலில் இதை முடியுங்கள். உங்கள் பகுதியில் யாருக்காவது உடனடியாக உதவி வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம், பெண்களுக்கு 181 இருக்கிறது. திட்டம் முடிந்தபின் உங்கள் அலுவலகக் கதவில் ஒட்டிவைக்க வேண்டிய எண்களும் இவைதான்.