கப்பலும் ஏறல, பிளேனும் ஏறல: ஆமா, இல்லன்னு கேட்டே புதிரை உடைக்கிறது எப்படி

(ஸ்கிரீன்ல கடலூர் சில்வர் பீச், சாயந்திரம்)

வணக்கம் மக்களே, நேரா புதிருக்கே போயிடலாம். ஒரு தாத்தா, பொறந்தது வேற நாட்டுல, இப்ப இருக்கிறது இந்தியாவுல, ஆனா கப்பல் ஏறல, பிளேன் ஏறல, பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு எடுத்ததே இல்ல. எப்படி? என்ன வேணா கேளுங்க, நான் ஆமா, இல்ல, தேவையில்லாத கேள்வி, இந்த மூணுல ஒண்ணுதான் சொல்லுவேன்.

இதை எங்க சித்தி பசங்க கிட்ட இதே பீச்சுல போட்டேன். பெரியவன் ஆரம்பிச்சான், கள்ளத்தோணியில வந்தாரா? இல்ல. நடந்தே வந்தாரா? இல்ல. லாரியில ஒளிஞ்சி? இல்லடா. மாட்டு வண்டி? சுண்டல் பொட்டலமே காலி ஆயிடுச்சு, பயபுள்ள இன்னும் வண்டிய மாத்திட்டே இருக்கான்.

(ஸ்கிரீன்ல 1 முதல் 100 வரை கட்டம்)

நான் 1லேருந்து 100க்குள்ள ஒரு நம்பர் நெனச்சிருக்கேன்னு வச்சுக்கோங்க, 47ஆ, 82ஆன்னு கேட்டா ஒவ்வொரு இல்லக்கும் ஒரே ஒரு நம்பர்தான் போகும், அதே 50க்கு மேலயான்னு கேட்டா ஆமா வந்தாலும் இல்ல வந்தாலும் பாதி காலி, இப்படியே பாதி பாதியா வெட்டினா 7 கேள்வியில புடிச்சிடலாம். 20 கேள்வி இருந்தா 10 லட்சத்துக்கு மேல இருக்கிற லிஸ்ட்டையே முடிச்சிடலாம்.

ஆனா தாத்தா புதிர்ல லிஸ்ட்டே கிடையாதே! எட்வர்ட் டி போனோங்கிற எழுத்தாளர் 1967ல லேட்டரல் திங்கிங்னு, அதாவது நேரா போகாம பக்கவாட்டுல யோசிக்கிறதுன்னு, பேர் வச்சாரே, அந்த ரகம் இது. இங்க வெட்ட வேண்டியது நம்பர இல்ல, நம்மளா சேத்துக்கிட்டத. பெரியவன் கேட்ட நாலு கேள்வியிலயும் வந்தாருன்னு ஒரு வார்த்தை உக்காந்திருக்கு பாருங்க, அதை நான் சொல்லவே இல்ல.

ஏழாவது படிக்கிற சின்னவதான் புடிச்சா. "அண்ணா, அவரு எடம் மாறினாரா?" இல்ல. "வருஷம் முக்கியமா?" ஆமா. அப்புறம் என்னமோ யோசிச்சிட்டு, "பிரெஞ்சுக்காரரா?"ன்னா, நான் டக்குனு இல்லன்னுட்டேன். தப்பு என் மேலதான், ரத்தத்துலயா பேப்பர்லயான்னு திருப்பி கேட்டிருக்கணும், அந்த ஒரு இல்லயால கால் மணி நேரம் போச்சு. பதில் சொல்றவங்களும் உஷாரா இருக்கணும், ரெண்டு அர்த்தம் வர்ற கேள்விக்கு சும்மா தலையாட்டிடக் கூடாது.

கடைசியில "அந்த ஊரே நாடு மாறிடுச்சா?"ன்னா பாருங்க, முடிஞ்சது கதை!

(ஸ்கிரீன்ல பழைய பாண்டிச்சேரி மேப்)

தாத்தா 1950ல பாண்டிச்சேரியில பொறந்தவரு, அப்ப அது பிரெஞ்சுக்காரன் கையில. 1954 அக்டோபர் 18, பாண்டி பக்கத்துல கீழூர்ல ஓட்டு, மக்கள் பிரதிநிதிங்க 178 பேர்ல 170 பேரு இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேரு வேணாம்னாங்க. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறிடுச்சு, சட்டப்படி முழுசா முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. தாத்தா பாட்டுக்கு அதே திண்ணையிலதான் இருந்தாரு. வாரா வாரம் கடலூர் எல்லையில இருக்கிற முள்ளோடை தாண்டி பாண்டி போற பசங்களுக்கே இது தோணல!

சரி, உங்களுக்கு ஒண்ணு. ராத்திரி 7 மணி, பாண்டி பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, ஒரு ஆட்டோக்கார அண்ணன் இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் போறாரு, போலீஸ்காரரு பாத்து சிரிக்கிறாரு, புடிக்கல. மொத கேள்வி என்ன கேப்பீங்க?