பறையைக் காய்ச்சுகிறவர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இப்போதுதான் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணனுக்கும், உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் உங்களுக்கும் வணக்கம்.

“பறை இன்று வாழ்வது தேர்ந்த மேடைக் கலைஞர்களாலா, தெருவில் கூடிப் பழகும் ஊர்க்குழுக்களாலா?” இதுதான் தலைப்பு. ஊர்க்குழுக்களால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். சொல்வதற்கு முன்னால் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். எனக்கு அவ்வளவாக வாசிக்க வராது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், பதினைந்து இருபது பேரோடு நின்று அடிக்கிறேன். “ரெண்டு அடி கத்துக்கிட்டு தோள்ல பறையை மாட்டிக்கிட்டு வந்துடறாங்க” என்று அண்ணன் சொன்னாரே, அது சாட்சாத் என்னைத்தான்!

அரைகுறைகளால் ஒரு கலை எப்படி வாழும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல, பறையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேப்பமரத்தில் வட்டச் சட்டம். அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். இடது கைக்கு மூங்கிலைச் சீவி எடுத்த, நீளமான சிம்புக்குச்சி. வலது கைக்குக் குட்டையான அடிக்குச்சி. பார்க்க எளிய வாத்தியம். ஆனால் தோல் இருக்கிறதே, அது காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் குடிக்கும். மார்கழிக் காலையில் பையிலிருந்து எடுத்து ஒரு தட்டு தட்டினால், நனைந்த மெத்தையைத் தட்டினாற்போல ‘தொப்’ என்று கேட்கும். அதனால் முதல் வேலை காய்ச்சுவது. வைக்கோலோ பழைய பேப்பரோ போட்டுத் தீ மூட்டி, சுற்றி நின்று, பறையின் முகத்தைத் தீக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிப்போம். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்போம். தோல் இறுக இறுக சத்தம் மேலே ஏறும். ‘கணீர்’ என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று பேராசைப்பட்டால் கிழிந்துவிடும்.

சேர்ந்த முதல் மாதமே நான் ஒன்றைக் கிழித்தேன். ஆசான் திட்டவில்லை. “இனிமே எல்லார் பறையையும் நீதான் காய்ச்சணும்” என்றார். தண்டனை என்றுதான் நினைத்தேன். ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டே எது யாருடைய பறை என்று சொல்லும் காது வந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருடம் கேட்டிருந்தாலும் இந்தக் காது எனக்கு வந்திருக்குமா, ஐயா?

எங்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு வருடமாக அவர் வாசிப்பது ஒரே ஓர் அடி, அதாவது ஒரே ஒரு தாளக்கட்டு, அதுவும் இருப்பதிலேயே எளியது. நாங்கள் எல்லாம் சப்பரத்தடி, டப்பா அடி, மருளடி என்று தாவிக்கொண்டிருப்போம். அவர் அதே அடியில் நிற்பார். கூடி வாசிக்கும்போது ஒரு வியாதி உண்டு, வேகம் தன்னையறியாமல் ஏறிக்கொண்டே போகும். பக்கத்து ஆள் ஓடுகிறானே என்று நாமும் ஓடுவோம். எல்லோரும் சிக்கிக்கொண்டு விழிக்கும்போது எங்கள் கண் தானாக அந்த அம்மாவின் கையைத் தேடும். அங்கே தாளம் போட்ட இடத்திலேயே இருக்கும். ஒரே ஓர் அடி மட்டும் தெரிந்தவருக்கு எந்த மேடை இடம் கொடுக்கும்? எங்கள் வட்டத்தில் அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை உருப்படாது.

வட்டம் என்றேன். அதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை ஓர் ஊர்வலத்தில் எங்கள் வரிசை நீண்டுவிட்டது. முன்னால் நால்வர், பின்னால் நால்வர், நடுவே கூட்டம். முன்னால் ஒரு தாளம், பின்னால் ஒரு தாளம்! மானம் போயிற்று. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் நம் அடி அவர் காதுக்குப் போகவே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். பறை வாசிக்கும் வேகத்தில் அது பெரிய இடைவெளி. எனவே கிட்டே வர வேண்டும், முகம் பார்க்க வேண்டும், அடுத்தவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து அடிக்க வேண்டும். வீடியோ அழைப்பிலும் முயன்று பார்த்தோம். அந்தக் கூத்தைச் சொல்ல எனக்கு நேரம் போதாது.

சரி, அண்ணனின் அடுத்த வாதம். நல்ல கலைஞர்களைத் துல்லியமாகப் பதிவு செய்து வைத்துவிட்டால் அழியாது என்றார். ஹங்கேரியில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். பேலா பார்டோக், சோல்தான் கொடாய் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமம் கிராமமாக அலைந்து அந்தக் காலத்து ஒலிப்பதிவுக்கான மெழுகு உருளைகளில் பாடல்களைப் பிடித்து வந்தார்கள். மகத்தான வேலை. ஆனால் நகரத்து இளைஞர்கள் கூட்டமாக அந்த இசையை வாசிக்கவும் ஆடவும் தொடங்கியது 1972இல், புடாபெஸ்டில் ‘தான்ஸ்ஹாஸ்’ என்ற ஆட்டக்கூடம் வந்தபோதுதான். யார் வேண்டுமானாலும் வரலாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மரபைக் காக்க நல்ல வழி இது என்று 2011இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பதிவு விதைநெல் மாதிரி அண்ணே. பத்திரமாக வைக்க வேண்டியதுதான். யாராவது விதைக்கவும் வேண்டுமல்லவா?

பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், அதை மேடைக்குக் கிடைத்த வெற்றி என்றார் அண்ணன். எங்களுக்கும் பெருமைதான். அன்றைக்கு மைதானத்தில் நாங்கள் வாழ்த்தடி அடித்தோம், வழக்கம்போல் வேகம் ஏறிவிட்டது. ஆனால் தொல்காப்பியம் பறையை எங்கே வைக்கிறது? தெய்வம், உணவு, மரம், புள் என்று ஒரு நிலத்தில் இருக்கும் கருப்பொருள்களின் வரிசையில் வைக்கிறது. சோறும் மரமும் போல ஊரில் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டியது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். புலவர்கள் யாராவது மறுத்தால், நிகழ்ச்சி முடிந்ததும் பேசிக்கொள்ளலாம்.

இனி, எதிரணியில் முதலில் பேசிய அக்கா கேட்டது. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. “இந்தப் பறையைக் காலங்காலமாக ஒரு சாதியின் தோளில் மாட்டி, சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்திய ஊர் இது. அந்த இழிவைச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போதுதான் மரியாதையான மேடை கிடைக்கிறது. வாரக் கடைசியில் பொழுதுபோக்க வருகிறவர்கள் அதிலும் பங்கு கேட்பதா?” என்றார்.

இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லக் கூடாது. அக்கா சொன்னதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். ஆசானுக்குச் சம்பளம் கொடுக்காமல் ‘கலைச் சேவை’ என்று சொல்லி ஏய்க்கும் குழு உருப்படக் கூடாது. கூலி தரும் நிகழ்ச்சி எங்களைத் தேடி வந்தால் ஆசானின் குழுவுக்குக் கைகாட்டி விடுகிறோம். அதில் எங்களுக்குள் சண்டையும் வந்திருக்கிறது, இரண்டு பேர் விலகிப் போனார்கள். போகட்டும்.

மீதிப் பாதிக்கு ஒரு வீட்டுக் கதை. எங்களோடு வாசிக்கும் ஒரு தம்பி. பறையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். “அதை உள்ளே கொண்டுவராதே” என்றார். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். ஆறு மாதம் அந்தப் பறை மாடிப்படிக்குக் கீழே, பைக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. இத்தனைக்கும் அந்த அம்மா தொலைக்காட்சியில் பறையாட்டம் வந்தால் ரசித்துக் கை தட்டுபவர். கை தட்டுவதற்கும் வீட்டுக்குள் விடுவதற்கும் நடுவே எத்தனை தூரம் பாருங்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் மைதானத்தில் உட்கார்ந்தார். ஒரே அடி வாசிக்கும் எங்கள் அம்மாவோடு பேச்சு ஆரம்பித்தது, முட்டிவலியில் தொடங்கி எங்கெங்கோ போயிற்று. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில், “கீழே கிடந்தா தோல் ஊறிடும்” என்று சொல்லி, அவரே பறையை எடுத்துப்போய்க் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அக்கா, மேடைக் கலைஞரை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. அவர் வாசிப்பைப் பார்த்துத்தான் அந்தத் தம்பிக்கே ஆசை வந்தது. ஆனால் மேடை எவ்வளவு உயர்ந்தாலும், அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அது போதவில்லை. ஒரு சாதியின் தோளிலிருந்து அந்தக் கட்டாயம் இறங்க வேண்டுமானால், மற்ற தோள்களும் அந்தக் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். தப்பும் தவறுமாக வாசித்தாலும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். எதிரணி அண்ணனுக்கு மட்டும் ஒரு சேதி. ஞாயிறு காலை ஆறரை மணி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம். கையில் ஒரு பழைய பேப்பர் கட்டு கொண்டுவாருங்கள், போன வாரமே தீர்ந்துவிட்டது. பறை ஒன்று எடுத்து வைக்கிறோம். காய்ச்சித் தர நான் இருக்கிறேன்.