ஓடின பம்ப்பைக் கழட்டின பிள்ளை

(கிளிநொச்சியில் ஒரு கோயில் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: மனிதரின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பிறப்பா, வளர்ப்பா? ‘பிறப்பே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், பின்னேரமே பாய் விரித்து முன்னால் இடம் பிடித்திருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். வாழ்த்தும் பாராட்டும் முதல் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நேரே சண்டைக்கு வருகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். “குணம் பிறப்போடு வருகிறதென்றால் பள்ளிக்கூடம் எதற்கு? அந்தா இருக்கிற விஞ்ஞான ரீச்சர் மாதா மாதம் எதற்குச் சம்பளம் எடுக்கிறா?” என்று கேட்டார். நீங்களும் விசிலடித்தீர்கள். விசிலடித்த பெடியள் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். நான் கண்டுவிட்டேன்.

தம்பி, இந்தச் சம்பளக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முதல் சபையிடம் ஒரு கேள்வி. வட்டக்கச்சியிலிருந்து வந்திருக்கிறீர்கள், முரசுமோட்டையிலிருந்து வந்திருக்கிறீர்கள், உருத்திரபுரத்து ஆட்களையும் காண்கிறேன். மாடு வளர்க்காத வீடு குறைவு. பசுக்கன்று ஒன்று வாங்கப் போனால் முதலில் என்ன கேட்பீர்கள்? “தாய்மாடு சாதுவோ, உதைக்குமோ?” தாய்மாட்டைப் பற்றி விசாரிக்காமல் காசை எண்ணிக் கொடுத்தவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். பாருங்கள் நடுவர் ஐயா, ஒரு கை இல்லை. எதிரணித் தலைவரின் கையும் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது!

நாங்கள் மாட்டிடம் கண்டதை ரஷ்யாவில் திமித்ரி பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி நரியிடம் சோதித்துப் பார்த்தார். 1959 இல், சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் தொடங்கிய வேலை. உரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் வெள்ளி நரிகளை எடுத்தார். பழக்கவில்லை, கையில் வைத்துக் கொஞ்சவில்லை. ஆளைக் கண்டு சீறாத நரிகளை மட்டும் தெரிந்து இணைசேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் அதே தெரிவு. சில தலைமுறைக்குள்ளேயே வாலை ஆட்டுகிற, கையை நக்குகிற, ஆள் விலகிப் போனால் முனகுகிற குட்டிகள் பிறந்தன. ‘தாய் பழக்கியிருக்கும்’ என்று எதிரணி சொல்லக்கூடும். அதையும் பார்த்தார்கள். சாதுவான நரியின் கருவை எடுத்துச் சீறுகிற நரியின் வயிற்றில் வைத்தார்கள். சுமந்தது ஒரு தாய், வளர்த்ததும் அதே தாய். குட்டியின் குணமோ கருவைத் தந்த தாயின் குணம்.

நரி வேறு, மனிதர் வேறு என்பார்கள். சரி, மனிதருக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். பிறந்து சில கிழமையிலேயே வெவ்வேறு குடும்பங்கள் தத்தெடுத்துப் பிரித்துக்கொண்டு போய்விட்டன. 39 வயதில், 1979 இல், மீண்டும் சந்தித்தார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியே வைத்த பெயர் ஜிம். இரண்டு ஜிம்மும் முதலில் கட்டிய பெண்ணின் பெயர் லிண்டா. இரண்டு பேரும் அந்தக் கலியாணம் முறிந்து இரண்டாவதாகக் கட்டிய பெண்ணின் பெயர் பெற்றி. சிறுவயதில் வளர்த்த நாயின் பெயர்கூட ஒன்று!

கைதட்டாதீர்கள், பொறுங்கள். மனைவியின் பெயரை எந்த மரபணுவும் எழுதி வைக்காது. அது தற்செயல். அதை நான் சாட்சிக்கு எடுக்கவில்லை. சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இருவரைப் பார்த்துவிட்டுத்தான் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தோமஸ் பூஷார்ட் என்ற உளவியலாளர், பிரிந்து வளர்ந்த இரட்டையரைத் தேடித் தேடி ஆராயத் தொடங்கினார். ஒரே உருவ இரட்டையர் வேறு வேறு வீட்டில் வளர்ந்தாலும், ஒரே வீட்டில் வளர்ந்த ஒரே உருவ இரட்டையர் அளவுக்குக் கிட்டத்தட்ட குணத்தில் ஒத்திருந்தார்கள். வீடு மாறியது, தாய் தகப்பன் மாறினார்கள், குணம் ஒத்துப்போனது.

2015 இல் உலகம் முழுவதும் 50 வருடமாக நடந்த இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2,748 ஆய்வுகள், 1 கோடி 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டைச் சோடிகள். உடம்பு, மனம் எல்லாம் சேர்த்து, ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் சராசரியாக 49 சதவீதம் பரம்பரையால் வருகிறது. எதிரணி இப்போது குனிந்து எழுதுகிறது: ‘மிச்சம் 51 எங்களுக்கு’. அவசரப்படாதீர்கள். அந்த மிச்சத்தில் நோய் இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், அளவெடுப்பில் வரும் பிழை இருக்கிறது, வெறும் தற்செயலும் இருக்கிறது. நீங்கள் வளர்ப்பு என்று மார்தட்டுகிற அந்தப் பொது வீட்டுச் சூழலின் பங்கு குணத்தைப் பொறுத்தவரை மிகச் சிறியது. இரத்த உறவில்லாத இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து, ஒரே கூரையின் கீழ் ஒரே சோற்றையும் ஒரே பூவரசந் தடியையும் கொடுத்து வளர்த்தாலும், வளர்ந்த பிறகு குணத்தில் அவர்கள் இருவரும் அநேகமாக அந்நியர்தான்.

‘ஒரு தாய் வயிற்றில் பிறந்த ஐந்தும் ஐந்து விதமாக இருக்கின்றனவே’ என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார். அது எங்கள் பக்கத்துச் சாட்சி, ஐயா. தாயின் பாதியும் தகப்பனின் பாதியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு விதமாகக் கலந்து வருகின்றன. ஒரே உருவ இரட்டையரைத் தவிர எந்த இரண்டு சகோதரரும் ஒரே கலவை இல்லை. ஒரே வளர்ப்பில் ஐந்து குணம் எப்படி வந்தது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ‘பிறப்பு’ என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு, சாதி பேசுகிற யாராவது பின்வரிசையில் தலையாட்டினால், தயவுசெய்து நிறுத்துங்கள். பயந்த பிள்ளையும் துணிந்த பிள்ளையும் எல்லாச் சாதியிலும் எல்லா ஊரிலும் பிறக்கின்றன. மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய வீட்டிலும் பிறக்கின்றன, யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த வீட்டிலும் பிறக்கின்றன. நான் பேசுவது ஒரு பிள்ளை தன் தாய் தகப்பனிடமிருந்து கொண்டுவரும் சுபாவத்தை. குலத்துக்குக் குணம் எழுதுகிறவர்களுக்கு இந்த அணியில் இடமில்லை.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன்.

1956 இல் நியூயோர்க்கில் அலெக்ஸாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர்கள், கணவனும் மனைவியும், கைக்குழந்தைகளைக் கவனித்து எழுதத் தொடங்கினார்கள். பிள்ளை சரியில்லையென்றால் தாயின் வளர்ப்பைத்தான் குற்றம் சொல்வார்கள், அந்த நாட்டிலும் அப்படித்தான். இவர்கள் கண்டது வேறு. சில மாதக் குழந்தையிலேயே சுபாவம் தெரிகிறது. ஒன்று எதற்கும் இசைந்து போகும். ஒன்று பாலுக்கும் அழும், நித்திரைக்கும் அழும், புது முகத்தைக் கண்டால் ஊரைக் கூட்டும். இன்னொன்று ஒதுங்கி நின்று பார்த்து, ஆறுதலாகக் கிட்ட வரும். பிள்ளையின் சுபாவத்துக்கும் சுற்றியிருக்கிற பெரியவர்கள் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இருந்தால் பிள்ளை நன்றாக வரும் என்றார்கள். அம்மாமாரே, கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பெற்ற பிள்ளைக்கு ஒரு பொருத்தம் பார்த்தோமா?

தம்பி, அந்தப் பொருத்தம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். எப்படிப் பார்க்கிறது என்று ஒரு கதையில் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெடியன். பள்ளிக்கூடத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒரு மண்ணெண்ணெய் பம்ப் இருந்தது. ஒரு நாள் பாடமில்லாத நேரம் பார்த்து இவன் அதைக் கழட்டிவிட்டான். முழுக்க! அதிபர் ஓடி வந்தார், நாங்களும் ஓடினோம். ஒரு உரப்பையை விரித்து, கழட்டின ஒழுங்கிலேயே சாமான்களை அடுக்கியிருக்கிறான். ஆணிக்குப் பக்கத்தில் அதன் நட், நட்டுக்குப் பக்கத்தில் அதன் வொஷர். எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து! அதிபருக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. “பழுதாப் போச்சோடா?” என்று கேட்டார். “இல்லை சேர், நல்லா ஓடினது.” “ஓடின பம்ப்பை ஏனடா கழட்டினாய்?” பெடியன் சொல்கிறான்: “ஏன் ஓடுது எண்டு பாக்க, சேர்.”

திரும்பவும் சொல்கிறேன், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லைப் போல. பழுதான பம்ப்பை யாரும் கழட்டுவார்கள். காசு கொடுத்தால் பரந்தன் சந்தியில் கழட்டித் தருவார்கள். ஓடுகிற பம்ப்பை, அது ஏன் ஓடுகிறது என்று பார்க்கக் கழட்டுகிறவன் எத்தனை பேர்? அந்தக் குணத்தை எந்தப் பாடத்திட்டம் அவனுக்குக் கொடுத்தது? நான் கொடுக்கவில்லை. நான் அந்தத் தவணை அவனுக்குப் படிப்பித்தது தாவரக்கலம்.

வீட்டாளைக் கூட்டி வா என்றார் அதிபர். வந்தது அம்மம்மா. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டா. தகப்பன், இவன் பிறக்க முன்பே போர் முடிந்த அந்த வருடத்தில் போய்விட்டார். கைப்பிள்ளையிலிருந்து வளர்த்தது அம்மம்மாதான். அந்த மனுசி பூவரசந் தடியோடு வந்தா. படலையில் தொடங்கின ஏச்சு பம்ப் கிடந்த இடம் வரைக்கும் வந்தது. உரப்பையைப் பார்த்தா. ஆணி, நட், வொஷர் வரிசையைப் பார்த்தா. ஏச்சு நின்றுவிட்டது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டா.

“ரீச்சர், இது என்ர வளர்ப்பில்லை. நான் ஒரு ஆணி கழட்டத் தெரியாதவள். இது மருமேன். கலியாணம் முடிஞ்சு ஒரு கிழமையில, என்ர தையல் மெஷினைக் கழட்டிப் பாயில பரப்பினவர். ஓடின மெஷின், ரீச்சர்! இப்பிடித்தான் அடுக்கினவர்.”

நடுவர் ஐயா, இதைவிடச் சாட்சி வேண்டுமா? வளர்த்தவளே வந்து, வளர்ப்பு அணியின் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: இது என்ர வளர்ப்பில்லை!

நான் கேட்டேன், “இதையெல்லாம் முன்னம் பேரனுக்குச் சொன்னீங்களா அம்மா?” “சொல்லி? இன்னும் ஒண்டைக் கழட்டவோ?” என்றா. ஆனால் பெடியன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடிக்குப் பயந்து நின்றவன், தடியை மறந்து கிட்ட வந்து கேட்டான்: “அம்மம்மா, அப்பா வேற என்னென்ன கழட்டினவர்?”

அடிக்க வந்த மனுசி ஒவ்வொன்றாகச் சொன்னா. ரேடியோ. பெற்றோமக்ஸ் விளக்கு. விதானையாரின் மோட்டார் சைக்கிள். அதிபரும் நின்று கேட்டார். மணி அடித்தது, ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை. பிறகு அந்தப் பெடியன்தான் பம்ப்பைப் பூட்டினான், பம்ப் ஓடியது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாமான் எது என்றாலும் திறக்கிற ஆள் அவன். தடி வைத்திருந்த இடத்தில் சாவியைக் கொடுத்தோம். சம்பளத்துக்குக் கணக்கு இதுதான், தம்பி.

இதே ஊரில்தான் ஒரு பிள்ளை கோபப்பட்டால் “அப்பனைப் போல நாசமாப் போவாய்” என்று திட்டுகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். கெதியில் கோபம் ஏறுகிற சுபாவம் பிறப்பில் வரலாம். அந்த நேரம் கையை ஓங்காமல் வெளியே நடந்துவிட்டு வரச் சொல்லிக்கொடுக்க எங்களால் முடியும். யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிய, பிள்ளை என்ன கொண்டுவந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் தகப்பனின் படம் ஒன்றுகூட இல்லை. மல்லாவி, கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். போரின் கடைசி மாதங்களில் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடின இந்தப் பாதைக்கு இந்தச் சபையில் விளக்கம் தேவையில்லை. முதலில் அலுமாரியை விட்டோம், பிறகு நெல்லை விட்டோம், பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டோம், பிறகு கலியாண அல்பத்தை ஏதோ ஒரு பங்கருக்குள் விட்டோம், பிறகு ஆட்களை விட்டுவிட்டு வந்தோம். 2009 இல் செட்டிகுளம் முகாமுக்குள் வரும்போது பலரிடம் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. ஆனால் ஒரு சாமான் தப்பி வந்தது. எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் அதைத் தடவிப் பார்த்து எடுக்க முடியவில்லை. தகப்பனைக் காணாத பிள்ளைக்குள் தகப்பனின் குணம் வந்து சேர்ந்தது. அவர் தூக்கவில்லை, சோறு தீத்தவில்லை, ஒரு சொல் சொல்லிக்கொடுக்கவில்லை. வளர்ப்பு அணியினரே, உங்கள் வாதப்படி இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. எங்கள் வாதப்படி இருக்கிறார்!

முன்வரிசையில் இருக்கிற அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, உங்கள் பேரப்பிள்ளை சிரிப்பில், பிடிவாதத்தில், இருட்டுக்குப் பயப்படுவதில், நாய்க்குட்டி கண்டால் வீட்டுக்குக் கொண்டுவருவதில் நீங்கள் யாரையாவது கண்டிருப்பீர்கள். கண்டும், பிள்ளை அழும் என்று சொல்லாமல் வைத்திருப்பீர்கள். சொல்லுங்கள். ‘உன்ர அப்பாவும் இப்பிடித்தான்’ என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டபடியே இருக்கும். நீங்கள் அழுதாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். பிறப்பே என்று தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.