திரும்பத் தெரிந்த பனிவண்டி

நேயர்களுக்கு வணக்கம். பனிமலைச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கும் வண்டியை ஸ்லெட் என்பார்கள். அதை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பனியையே பார்க்காத நமக்கு இது எதற்கு என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் தென்னை மட்டையில் உட்கார்ந்து, இன்னொருவர் இழுக்க, மணலில் போயிருப்பீர்கள். நேராகப் போகும்வரை சுகம். திருப்பம் வந்தால் மட்டை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். பனிவண்டி செய்கிறவருக்கும் இந்தத் திருப்பம்தான் தலைவலி.

வேகம் தலைவலி இல்லையா? இல்லை. வேகத்தை மலை இலவசமாகவே கொடுத்துவிடும். ஆறேழு மாடி உயரம், அதாவது 20 மீட்டர் இறங்கினாலே, உராய்வும் காற்றும் தடுக்காவிட்டால் மணிக்கு 70 கிலோமீட்டர் வந்துவிடும். ஆள் குண்டா ஒல்லியா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. அதனால் வேகமான வண்டி என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். திரும்புமா, நிற்குமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவில், சாமுவேல் லீட்ஸ் ஆலன் என்று ஒருவர் இருந்தார். எங்கே பேசப் போனாலும் இவரை இழுத்துவந்துவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆலன் விவசாயக் கருவிகள் செய்து விற்றவர். அது பருவத்துக்குத்தான் விற்கும். மற்ற மாதங்களில் பட்டறை ஆட்களுக்கு வேலை வேண்டுமே? குளிர்காலத்தில் விற்க ஒரு சரக்கு தேடினார், ஸ்லெட் கிடைத்தது. அப்போதைய ஸ்லெட்டின் அடியில் விறைப்பான இரண்டு சட்டங்கள் இருக்கும். திருப்ப வேண்டுமானால் காலைப் பனியில் தேய்க்க வேண்டும். வேகமும் போச்சு, பூட்ஸும் போச்சு.

ஆலன் அந்தச் சட்டங்களை வளையக்கூடிய எஃகில் செய்து, முன்னால் ஒரு குறுக்குக்கட்டையோடு இணைத்தார். உட்கார்ந்திருந்தால் காலால், குப்புறப் படுத்திருந்தால் கையால் அந்தக் கட்டையை ஒரு பக்கமாகத் தள்ளினால் போதும், இரண்டு சட்டமும் சேர்ந்து வளையும். 1889இல் காப்புரிமை பெற்றார். ஃப்ளெக்சிபிள் ஃப்ளையர் என்று பெயர் வைத்தார். உடனே விற்றுத் தீர்ந்துவிடவில்லை, ஆனால் பிற்பாடு அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய வண்டி அதுதான்.

இதில் என்ன சூட்சுமம்? விறைப்பான சட்டம் வளைவில் போகும்போது, அதன் வால்பகுதி பனியைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே வரும். வளைந்த சட்டமோ, போகிற தடத்தின் மேலேயே படுத்துவிடும். சுரண்டல் குறைகிறது, பிடிமானம் கூடுகிறது. மறுபடியும் சொல்கிறேன்: வண்டி திரும்ப வேண்டுமானால், அடியில் ஏதோ ஒன்று வளைந்தாக வேண்டும்.

இன்றைக்கு வரும் உயர்தொழில்நுட்ப ஸ்லெட்டுகளில் கார்பன் ஃபைபர், அதாவது மெல்லிய கார்பன் இழைகளை அடுக்கிப் பிசினால் இறுக்கிய பொருள், போடுகிறார்கள். எடை குறைகிறதே என்றுதான் எல்லோரும் மெச்சுவார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்த லாபம் இறங்கும்போது அல்ல, வண்டியை முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறும்போதுதான். எனக்குப் பிடித்தது வேறு. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அதைப் பொறுத்து, ஒரே துண்டு நீளவாக்கில் வளையும், முறுக்கினால் முறுகாது. எங்கே வளைய வேண்டும், எங்கே வளையவே கூடாது என்று நாமே முடிவு செய்யலாம். எஃகை வைத்துக்கொண்டு ஆலனால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை.

அப்புறம் சட்டத்தின் அகலம். இறுகிய பனிக்கட்டிக்கு ஒடுக்கமான விளிம்பு வேண்டும், அதுதான் கடித்துப் பிடிக்கும். புதிதாக விழுந்த பனியில் அதே விளிம்பு புதைந்துவிடும், அங்கே அகலமான அடிப்பாகம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். அடிப்பாகத்தை விட்டுவிட்டு பிரேக்குக்கு வருகிறேன்.

பிரேக் என்பது பனியைக் கிளறும் பல். இடமும் வலமும் ஒரே அளவுக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி சுற்றிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நான்கு மடங்கு, மறக்காதீர்கள். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் வண்டி தனியாகக் கீழே பாயாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு வார் கட்ட வேண்டும். அதன் நீளத்தைப் பற்றியே எனக்கும் என் நண்பருக்கும் பெரிய வாக்குவாதம் உண்டு, அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.