தெத்ஸுபின்: உள்ளே தேய்க்கக் கூடாத இரும்புக் கெட்டில்

[திரை: கரி அடுப்பு, மேலே கறுத்த கெட்டில். ஐந்து நொடிக்குப் பேச்சு இல்லை, கொதிக்கிற ஓசை மட்டும்.]

கேட்டீங்களா? தளதளன்னு கொதிக்கிறதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு இரைச்சல். ஜப்பான்ல இதுக்குப் பேரே உண்டு: மத்ஸுகஸே, பைன் மரக் காத்து. தேநீர்ச் சடங்குக்கான கொப்பரைகள்ல இந்த ஓசை எழும்பணும்னே உள்ளே அடிப்பக்கம் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டுவாங்க.

[திரை: வரைபடம். ஜப்பானின் வடகிழக்கு, இவாதே.]

இவாதே மாகாணத்துல மொரியோகா, மிஸுஸவான்னு ரெண்டு ஊர்ல வார்ப்பு வேலை. மிஸுஸவா ரொம்பப் பழசு. மொரியோகால தொடங்கினது 17-ஆம் நூற்றாண்டுல. அங்க ஆண்ட நம்பு பிரபுக்கள் கியோத்தோவிலேர்ந்து கொப்பரை வார்க்கிறவங்களை வரவழைச்சாங்க. மணல், களிமண், கரி எல்லாம் பக்கத்துலயே கிடைச்சுது. அதனால 'நம்பு தெக்கி', நம்பு இரும்புச் சாமான். கொப்பரையைச் சின்னதாக்கி மூக்கும் கைப்பிடியும் வச்சது 18-ஆம் நூற்றாண்டுல. அதுதான் தெத்ஸுபின். 1975-ல அரசு இதை மரபுக் கைவினைன்னு அறிவிச்சது.

[திரை: ஈரமான களிமண் அச்சு. ஒரு கை, ஒரு குச்சி.]

வெளிப்பக்கம் இருக்கிற புள்ளிகளுக்கு 'அராரே', ஆலங்கட்டின்னு பேரு. அச்சு காயறதுக்குள்ள ஒவ்வொரு குழியா கையால அழுத்தணும். ஒரே கெட்டிலுக்கு ஆயிரக்கணக்குல! பார்த்துட்டு இருந்தா நமக்கே கை வலிக்கும்.

வார்த்தெடுத்ததைத் திரும்பவும் கரி நெருப்புல போட்டுச் சுடுவாங்க. உள்ளே ஆக்ஸைடு படலம் ஒண்ணு உருவாகும். துருவைத் தடுக்கிறது அதுதான். உள்ளே வேற பூச்சு கிடையாது.

[திரை: ரெண்டு பாத்திரம், மூடி திறந்து.]

வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே பளபளன்னு எனாமல் இருந்தா அது 'க்யூஸு', தேயிலையை ஊறவைக்கிற பாத்திரம். அதுவும் அதே ஊர்ப் பட்டறைகள்ல வார்க்கிறதுதான், போலி இல்ல. ஆனா அடுப்புல வச்சா எனாமல் வெடிச்சுடும். தெத்ஸுபின்ல வெறும் தண்ணிதான் காய்ச்சணும், தேயிலை போடக் கூடாது.

பராமரிப்பு சுலபம். தண்ணியைச் சூட்டோட முழுசா ஊத்திட்டு மூடியைத் திறந்து வைங்க, மிச்சச் சூட்டுலயே காஞ்சிடும். சோப்பு, நார் ரெண்டும் உள்ளே போகக் கூடாது. எண்ணெய் தடவிப் பழக்குறதும் வேணாம். வெள்ளையாப் படியிற உப்புத் தோலைச் சுரண்டாதீங்க, துருவைத் தடுக்க அதுவும் உதவுது.

செம்புள்ளி தெரியுதா? தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் கவலை இல்ல. தண்ணியே சிவந்தா, கொஞ்சம் பச்சைத் தேயிலையைத் துணியில கட்டிப் போட்டுக் கொதிக்க விடுங்க. தேயிலையோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்புப் படலமாயிடும். அந்தக் காலத்து ஜப்பானியப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கின 'ஒஹகுரோ'விலயும் இதே வேதியியல்தான். கெட்டிலுக்கு வெளியே நிறம் கொடுக்க இன்னைக்கும் பட்டறைகள்ல அதைத் தடவுறாங்க.

[திரை: கெட்டிலிலிருந்து கறுத்த நீர் கொட்டுகிறது.]

முதல் தண்ணி மசி மாதிரி வரும், பயப்படாதீங்க. கொட்டிட்டு வெறும் தண்ணி வச்சுப் பாருங்க. இன்னும் சிவப்பா வந்தா, அதே தேயிலை முடிச்சு, இன்னொரு தரம்.