கடையும்போது பூச்சு உரிகிறதா? முதலில் செதிலைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. வாளையாரைத் தாண்டி, கஞ்சிக்கோட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து லேத் (கடைசல் இயந்திரம்) ஓடிக்கொண்டிருக்கிறது.

தேய்ந்துபோன பம்பு ஷாஃப்டின் மேல் எஃகுக் கம்பியை உருக்கித் தெளித்து, மறுபடியும் பழைய அளவுக்குக் கடைகிறோம். கடையும்போது பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்தால், பழி உடனே லேத்தில் நிற்பவர் தலையில் விழுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. டூல் தொடுவதற்கு முன்பே பிடிப்பு போயிருக்கும் வேலைகள்தான் அதிகம்.

இதோ இந்தச் செதிலைப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கச் சுத்தமாக இருக்கிறது. ஷாஃப்டிலும் வெறும் உலோகம் தெரிகிறது. அப்படியென்றால் பூச்சு ஷாஃப்டைப் பிடிக்கவே இல்லை. ஷாஃப்டில் பூச்சின் ஒரு பகுதி ஒட்டியிருந்து, மேல் அடுக்கு மட்டும் வந்திருந்தால், பூச்சுக்குள்ளேயே அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் ஒட்டுதல் குறைவு. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் டூலை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்.

முதல் வகையை விரிவாகச் சொல்கிறேன். சுவரில் வறட்டி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய துளி அப்படித்தான் மோதித் தட்டையாகி, சொரசொரப்பைப் பற்றிக்கொள்கிறது. வெல்டிங்கைப் போல அடி உலோகம் உருகிக் கலப்பதில்லை. எனவே தெளிப்புக்கு முன் செய்யும் கிரிட் பிளாஸ்டிங், அதாவது துகளை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, கூர்மையான துகளால் நடக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தி மழுங்கிய துகள் மேற்பரப்பை மினுக்கிவிடும், கடித்துப் பிடிக்க இடம் தராது.

அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக நம் பட்டறைக்குள் வருகிறது. பிளாஸ்டிங் முடிந்த எஃகு அந்தக் காற்றில் வெகு சீக்கிரம் மெல்லிய துரு கட்டும், கண்ணுக்கு உடனே தெரியாது. காலையில் பிளாஸ்டிங், மாலையில் தெளிப்பு என்ற வழக்கத்தை ஜூன், ஜூலையில் கண்டிப்பாக விடுங்கள். உலோகத்தின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேல் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தெளிப்பதற்குச் சற்று முன் 100 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டும்வரை சூடாக்கினால் ஈரம் போய்விடும். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரோ எண்ணெயோ வருகிறதா என்று வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள்.

வார்ப்பிரும்பு உதிரி என்றால் இன்னும் கவனம் தேவை. வருடக்கணக்கில் எண்ணெயைக் குடித்திருக்கும். மேலே துடைத்தால் போதாது. சூடாக்கி, கசிவதைத் துடைத்து, கசிவு நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு நிக்கல் 95 சதவீதம், அலுமினியம் 5 சதவீதம் கலந்த அடிப்பூச்சு கொடுங்கள். பிடிப்பில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது வகைக்கு ஸ்ப்ரே கன்னிடம் போக வேண்டும். தூரம் அதிகமானால் துளி வழியிலேயே ஆறி, ஆக்சைடு கட்டி, முந்தைய துளியோடு சேராது. சாய்வாகத் தெளித்தாலும் இதே கதி. கன்னை முடிந்தவரை மேற்பரப்புக்கு 90 டிகிரியில் பிடியுங்கள்.

சரி, லேத்துக்கு வருவோம். அங்கேயும் பிழை நடக்கத்தான் செய்கிறது. மழுங்கிய இன்சர்ட் (டூலின் வெட்டு முனைத் துண்டு) வெட்டாது, பூச்சைத் தள்ளும். தள்ளினால் துகள் பிடுங்கிக்கொண்டு வரும். கூர்மையான கார்பைடு, குறைந்த வேகம், ஒரு சுற்றுக்கு டூல் 0.1 மில்லிமீட்டர் அளவில் நகரும் ஃபீட், மெல்லிய வெட்டு. சுருள் வராமல் பொடியாக உதிர்ந்தால் பயப்படாதீர்கள், இந்தப் பூச்சின் இயல்பே அதுதான்.

ஓரம்தான் உண்மையான பலவீனம். வெட்டு ஓரத்தை நோக்கி ஓடினால் அங்கே பூச்சைத் தூக்கிவிடும். முதலில் இரு முனைகளிலும் சாய்வு எடுத்துவிட்டு, முனையிலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். ஷாஃப்டில் பூச்சுக்காக எடுக்கும் பள்ளத்தின் முனையையும் செங்குத்தாக விடாதீர்கள். அந்த மூலையில் தெளிப்பு சரியாக விழாமல் வெற்றிடம் தங்கும். உரிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டங்ஸ்டன் கார்பைடு பூச்சாக இருந்தால் லேத்தில் ஏற்றவே வேண்டாம், டைமண்டு சக்கரத்தில் கிரைண்டிங் செய்யுங்கள். கூலன்ட் தாராளமாக ஓடட்டும். சக்கரம் பளபளத்து மூடிக்கொண்டால் வெட்டாமல் உரசிச் சூடேற்றும், உடனே டிரெஸ் செய்து (மேற்பரப்பைச் சீராக்கி) கூர்மையாக்குங்கள். அந்தச் சூட்டில் நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சிலும் விரிசல் விழும். கிரைண்டிங்கை அடுத்த வீடியோவில் தனியாகவே காட்டுகிறேன். வணக்கம்.